விகுதி மாறியதா, வேற்றுமை மாறியதா? பாடல் காணொளிகளில் ஆண் பெண் இட மாற்றம்

ஒரு பாடல் காணொளி வெளியாகிறது. அதில் பெண் சீருடை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள், ஆண் வீட்டில் காத்திருக்கிறான். அல்லது பெண் நடுவில் நின்று பாட, பின்னால் வாட்டசாட்டமான ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அன்றைக்கே இரண்டு கருத்துகள் கிளம்பிவிடும். "பழைய வழக்கத்தை அப்படியே கவிழ்த்துவிட்டார்கள்" என்பார்கள் சிலர். "ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள், வேறு என்ன மாறிவிட்டது?" என்று கேட்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் பார்த்தது அதே நான்கு நிமிடம்தான்.

இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஒருவர் கதையைப் பார்க்கிறார், இன்னொருவர் கேமராவைப் பார்க்கிறார். ஒரே காணொளியில் கதை ஒரு பக்கமும் கேமரா இன்னொரு பக்கமும் இழுக்க முடியும். அது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## முதலில் சில சொற்கள்

1. பாலினப் பாத்திரம். ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று சமூகம் ஒதுக்கிவைத்திருக்கும் வேலைகளும் நடத்தைகளும் உணர்ச்சிகளும். காத்திருப்பது, கவனித்துக்கொள்வது, அழுவது ஒரு பக்கம். சம்பாதிப்பது, முடிவெடுப்பது, கோபப்படுவது இன்னொரு பக்கம். பிறப்பில் வருவதல்ல, பழக்கத்தில் படிவது.

2. பாத்திர மாற்றம். அந்த ஒதுக்கீட்டைத் தலைகீழாக்கிக் காட்டுவது. தமிழில் பாத்திரம் என்றால் ஏனமும்தான், நாடகத்தில் ஏற்கும் வேடமும்தான். இந்த இரட்டைப் பொருள் இங்கே உதவுகிறது. ஏனத்தை மாற்றினால் உள்ளே இருப்பதும் மாறிவிட்டதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

3. ஆண் பார்வை. பிரிட்டனைச் சேர்ந்த திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல். சினிமாவில் மூன்று பார்வைகள் இருக்கின்றன என்றார் அவர்: படம்பிடிக்கும் கேமராவின் பார்வை, இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை, படத்துக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. வழக்கமான ஹாலிவுட் படத்தில் முதல் இரண்டும் மூன்றாவதுக்குள் ஒளிந்துகொள்கின்றன. கதாநாயகனின் கண் வழியாகவே எல்லோரும் பார்க்கிறார்கள், பெண் அந்தப் பார்வைக்கு விருந்தாக நிற்கிறாள். ஆண்கள் மட்டும் இப்படிப் பார்க்கிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பெண் ரசிகையும் அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் படம் பார்க்க வேண்டியிருக்கிறது.

4. காட்சி நடை. ஒளி, நிறம், கேமரா நிற்கும் இடம், உடை, அரங்கம், ஷாட்டுகளை வெட்டி ஒட்டும் வேகம் எல்லாம் சேர்ந்து உருவாகும் பாணி. பாடல் காணொளியில் வசனத்துக்கு இடம் குறைவு. சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியை இதுதான் சொல்லியாக வேண்டும்.

## ஒரு வாக்கியமும் ஒரு ஷாட்டும்

ஷாட்டை வாக்கியம்போல் படிப்பது எளிது. அதற்குத் தமிழ் இலக்கணமே போதும்.

"அவன் அவளைப் பார்த்தான்." இதில் அவன் எழுவாய். அவளோடு இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' ஒட்டியிருக்கிறது, அதனால் அவள் செயப்படுபொருள். இப்போது சொற்களை இடம் மாற்றுவோம்: "அவளை அவன் பார்த்தான்." பெண் முதலில் வந்துவிட்டாள். பொருள் இம்மியும் மாறவில்லை. தமிழில் சொல் எங்கே நிற்கிறது என்பதைவிட அதன் முதுகில் எந்த உருபு ஏறியிருக்கிறது என்பதே பெரிது.

வினைமுற்றின் விகுதி வேறு வேலை செய்கிறது. பார்த்தான், பார்த்தாள் என்பதில் 'ஆன்', 'ஆள்' இரண்டும் பார்த்தவர் ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லும். யாரைப் பார்த்தார் என்று சொல்லாது.

காணொளிக்கும் இதே கணக்குதான்.

1. பெண்ணை ஃபிரேமின் நடுவில் நிறுத்துவது சொல்லை இடம் மாற்றுவது.
2. மீசை, சூட், பாவாடை, விக் எல்லாம் விகுதி.
3. யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார், யாருடைய விருப்பத்தால் அடுத்த ஷாட் வருகிறது என்பது வேற்றுமை.

பாத்திர மாற்றம் என்று பெயர் எடுக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டைச் செய்துவிட்டு நின்றுவிடுகின்றன. மூன்றாவதைத் தொடுபவை குறைவு, அதைத் தொடுபவைதான் ஆண்டுகள் கழித்தும் பேசப்படுகின்றன.

## விகுதியை மட்டும் மாற்றினால் போதாதா?

சில நேரம் அதுவே பெரிய அதிர்ச்சியாக இருக்கும். 1984இல் குயீன் இசைக்குழு, விடுதலை வேண்டும் என்று ஏங்கும் ஒரு பாடலுக்கு டேவிட் மாலெட் இயக்கத்தில் காணொளி எடுத்தது. 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைக் கேலி செய்யும் பாணியில் குழுவின் நால்வரும் பெண் வேடம் போட்டிருந்தார்கள். குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி குட்டைப் பாவாடையும் விக்குமாக வாக்குவம் கிளீனரைத் தள்ளிக்கொண்டு வருவார். மீசையை மட்டும் எடுக்கவில்லை.

அந்த மீசையில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது. மீசை போயிருந்தால் அது ஆள் மாறாட்டம். மீசை இருந்ததால் ஓர் உடலில் இரண்டு விகுதிகள். அதே காணொளியின் நடுவில், புகழ்பெற்ற பாலே நடனக் கலைஞர் நிஜின்ஸ்கியின் பாலே ஒன்றைத் தழுவி ராயல் பாலே கலைஞர்களோடு அவர் ஆடும் பகுதி வரும். அங்கே மீசை இல்லை. ஒரே மனிதர் இரண்டு தோற்றத்தில் வருகிறார். முதலாவது வேடம் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது, இரண்டாவது அப்படி அறிவிக்காதது.

பிரிட்டனில் இதைச் சிரித்து ஏற்றுக்கொண்டார்கள். ஆண்கள் பெண் வேடமிட்டுச் சிரிக்கவைப்பது அங்கே மேடையில் நெடுநாள் பழகிய வழக்கம். அமெரிக்காவில் பாடல் காணொளிகளுக்கான அலைவரிசையான எம்டிவி அதை ஒளிபரப்ப மறுத்தது. அப்போது அந்த அலைவரிசை தொடங்கி மூன்றே ஆண்டுகள். பார்ப்பவரின் மனத்தில் ஏற்கெனவே என்ன பாடம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் வேடம் புரிந்துகொள்ளப்படுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1983இல், யூரித்மிக்ஸ் குழுவின் ஆனி லெனாக்ஸ் ஆரஞ்சு நிறக் குட்டை முடியும் ஆண்கள் அணியும் சூட்டுமாகத் திரையில் தோன்றினார். கையில் ஒரு கோல், முன்னால் அலுவலக மேசை. உடை ஒரு விகுதி மாற்றம், சரி. ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார். கேமராவை நேராகப் பார்த்தார், கண்ணை எடுக்காமல். பார்க்க வந்தவர் பார்க்கப்படுகிறார். வேற்றுமை உருபு அங்கே இடம் பெயர்கிறது. அந்தக் காணொளி இன்றும் பழசாகத் தெரியாததற்குச் சூட்டைவிட அந்தக் கண்ணே காரணம் என்பது என் முடிவு.

## ஒரே காட்சி, இரண்டு முறை: 1986, 1999

பாத்திர மாற்றத்தைப் படிக்க இதைவிடத் தெளிவான இணை கிடைப்பது கடினம்.

1986இல் ராபர்ட் பாமரின் 'அடிக்டட் டு லவ்' காணொளி வந்தது. இயக்கியவர் டெரன்ஸ் டோனவன், பெயர்பெற்ற ஃபேஷன் புகைப்படக்காரர். பாமர் சட்டையும் டையுமாக மைக் முன்னால் நின்று பாடுகிறார். பின்னால் ஐந்து பெண்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு உடை, இழுத்து வாரிய முடி, வெளிறிய முகப்பூச்சு, ரத்தச் சிவப்பு உதடு. கையில் கிடாரும் பிற கருவிகளும் இருக்கின்றன, ஆனால் அவர்கள் வாசிக்கவில்லை. வாசிப்பதுபோல் அசைகிறார்கள், அந்த அசைவும் தாளத்தோடு முழுதாக ஒட்டவில்லை. முகத்தில் எந்த உணர்ச்சியும் கிடையாது.

ஃபேஷன் புகைப்படக்காரரின் கை இதில் நன்றாகத் தெரியும். ஆழமில்லாத அரங்கம், வண்ணத் திரைபோன்ற பின்னணி, தட்டையான ஒளி, அசையாத உருவங்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் நிறுத்திச் சுவரில் மாட்டலாம். அந்த அழகே வாதத்தையும் செய்துவிடுகிறது. ஒரே முகம் ஐந்து முறை வந்தால் அவர்களில் யாரும் ஓர் ஆளாக மிஞ்சுவதில்லை, ஒருத்தியின் இடத்தில் இன்னொருத்தியை வைக்கலாம். பாடல் ஒருவருக்கு, அலங்காரம் ஐவருக்கு. பெண்கள் இங்கே கும்பலாக 'ஐ' உருபு ஏற்றவர்கள்.

1999இல் பாடகி ஷானியா ட்வைன், பால் பாய்ட் இயக்கத்தில், 'மேன்! ஐ ஃபீல் லைக் எ வுமன்!' பாடலுக்கு இதே அரங்கத்தை மறுபடி கட்டினார். இப்போது மைக் முன்னால் பெண். பின்னால் கட்டுமஸ்தான ஆண்கள், ஒரே மாதிரிக் கறுப்பு உடை, கையில் கருவிகள், முகத்தில் அதே வெறுமை.

எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்ப்போம்.

1. குரல் மாறியது. பேசும் உரிமை பெண்ணிடம் வந்தது.
2. அலங்காரப் பொருளாக இருக்கும் வேலை ஆண்களுக்குப் போனது. 'எல்லோரும் ஒன்றுபோல்' என்ற தண்டனையும் அவர்களுக்கே.
3. உடையின் கதை மாறவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ட்வைன் தொடக்கத்தில் உயரமான தொப்பி, முகத்திரை, நீண்ட கோட்டு, கையுறை என்று வருகிறார். பாடல் நகர நகர ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். முடிவில் இருப்பது உடலை ஒட்டிய குட்டைக் கறுப்பு உடை. பாமர் அப்படி எதையும் கழற்றவில்லை. சட்டையும் டையுமாக வந்தவர் சட்டையும் டையுமாகவே போகிறார். பாடகர் இடத்துக்குப் பெண் வந்தபோது, அந்த இடத்தோடு ஒரு புது வேலையும் சேர்ந்துகொண்டது: பாடுவதோடு பார்க்கத் தரவும் வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடம் வலம் மட்டும் மாறியிருந்தால், 1986இல் பாமரும் டையை அவிழ்த்திருக்க வேண்டும்.

அதனால் "ஒன்றுமே மாறவில்லை" என்ற முடிவுக்கு வருவது அவசரம். பெண் தன் தோற்றத்தைத் தானே ரசித்து, தன் பொழுதைத் தன் இஷ்டப்படி கழிக்கும் மகிழ்ச்சிதான் அந்தப் பாடலின் பொருள். கழற்றுவதும் அவரே, எப்போது என்று முடிவு செய்வதும் அவரே, கேமராவைப் பார்த்தபடியே செய்கிறார். எழுவாயும் அவர்தான், செயப்படுபொருளும் அவர்தான். 'தன்னை' என்று ஒரு சொல் இருக்கிறதே, அந்த இலக்கணம். முழு விடுதலை என்று இதை அழைக்க மாட்டேன். பழைய காட்சியிலிருந்து ஒரு படி நகர்ந்திருக்கிறது என்பதை மறுக்கவும் மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாற்றம் புரிய வேண்டுமானால் 1986இன் படம் மனத்தில் இருக்க வேண்டும். அது தெரியாமல் இன்று ஃபோனில் பார்ப்பவருக்கு ஒரு பாடகியும் பின்னால் நாலைந்து அழகான ஆண்களும் மட்டுமே தெரிவார்கள். கேலிக் காட்சிக்கு மூலம் தெரிந்தால்தான் பல் முளைக்கும்.

## கேமரா எங்கே 'ஐ' சேர்க்கிறது

இந்தக் கருவிகளைத் தெரிந்துகொண்டால் எந்தக் காணொளியையும் பிரித்துப் பார்க்கலாம்.

1. கேமராவின் உயரம். கீழிருந்து பார்த்தால் ஆள் ஓங்கித் தெரிவார், மேலிருந்து பார்த்தால் ஒடுங்கித் தெரிவார். எல்லோருக்கும் தெரிந்த பாடம், இதில் நிற்க வேண்டியதில்லை.

2. துண்டாக்குதல். முகம் இல்லாமல் இடுப்பு, முகம் இல்லாமல் கால், முகம் இல்லாமல் தோள். முகம் இருக்கும் ஷாட்டில் அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்ற கேள்வி வரும். முகத்தை வெட்டியவுடன் அந்தக் கேள்வியும் வெட்டுப்படுகிறது. இது பெண்ணுக்கு மட்டுமே நடப்பதல்ல. டேவிட் ஃபின்ச்சர் 1989இல் மடோனாவுக்கு இயக்கிய 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' காணொளி, ஃபிரிட்ஸ் லாங்கின் 1927ஆம் ஆண்டுப் படமான 'மெட்ரோபொலிஸ்' பாணியில் ஒரு தொழில் நகரத்தைக் காட்டுகிறது. அதில் சட்டையில்லாமல் நனைந்து உழைக்கும் ஆண்கள் இப்படித்தான் முதுகும் கையுமாகத் துண்டு துண்டாக வருகிறார்கள். மடோனா மேலே இருந்து பார்க்கிறார், கோடு போட்ட சூட்டும் ஒற்றைக் கண்ணாடியுமாக ஆடுகிறார். ஆனால் அதே காணொளியில் அவர் கழுத்தில் சங்கிலியோடு படுக்கையில் கிடக்கும் காட்சியும் உண்டு. ஒரே ஐந்து நிமிடத்தில் உருபு போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. அதனால்தான் அதைப் பற்றிய வாதம் இன்னும் தீரவில்லை.

3. ஒளி. பெரிய மூலத்திலிருந்து வரும் மென்மையான ஒளி தோலை மழமழப்பாக்கும், சுருக்கத்தை அழிக்கும். பக்கத்திலிருந்து வரும் கடினமான ஒளி மேடுபள்ளத்தைக் காட்டும், வயதையும் அனுபவத்தையும் காட்டும். பழைய வழக்கத்தில் முதலாவது நாயகிக்கு, இரண்டாவது நாயகனுக்கு. கதையில் இருவரும் இடம் மாறிய பிறகும் ஒளி மாறாமல் இருந்தால், ஒளிப்பதிவாளருக்குக் கதை போய்ச் சேரவில்லை என்று பொருள்.

4. வேகம். நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட வேண்டிய காட்சியை 48 ஃபிரேமில் எடுத்தால், திரையில் அசைவு பாதி வேகத்தில் தெரியும். பாடகர் ஸ்லோ மோஷனில் இருந்தும் உதடு பாட்டோடு ஒட்ட வேண்டுமானால், படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதற்கேற்ப வாயசைக்க வைப்பார்கள். ஸ்லோ மோஷன் பார்ப்பவருக்குக் கூடுதல் நேரம் தருகிறது. யாருடைய உடலைப் பார்க்க அந்த நேரம் தரப்படுகிறது என்று கேட்டால் கணக்கு வெளியே வந்துவிடும். ஒருவர் நடந்து வருவதைக் காட்ட இயல்பான வேகம், இன்னொருவர் முடியைக் கோதுவதைக் காட்டப் பாதி வேகம் என்றால், உருபு இரண்டாமவர் மேல்.

5. வெட்டு. ஒருவர் எங்கோ பார்க்கிறார், வெட்டு, அவர் பார்த்தது தெரிகிறது. இந்த இரண்டு ஷாட்டும் சேர்ந்தால் ஒரு வாக்கியம். முதல் ஷாட்டில் இருப்பவர் எழுவாய். காணொளி முழுவதும் முதல் ஷாட்டில் யார் வருகிறார் என்று எண்ணினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கருவிகள் போக, உடல் நிற்கும் விதமும் இருக்கிறது. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1970களில் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். ஆண் பொருளை இறுகப் பிடிக்கிறான், பெண் விரல் நுனியால் வருடுகிறாள். ஆண் நிமிர்ந்து நிற்கிறான், பெண் தலையைச் சாய்க்கிறாள், முழங்காலை மடிக்கிறாள், படுக்கிறாள். படத்தில் இருப்பவர்களை மனத்துக்குள் ஆண் பெண் மாற்றிப் பார்க்கும்படி அவர் சொன்ன சோதனை மிக எளியது. மாற்றியவுடன் எது சிரிப்பு மூட்டுகிறதோ, அங்கேதான் வழக்கம் ஒளிந்திருக்கிறது.

## கறுப்பு வெள்ளையில் ஒரு குடும்பம்

பியான்சேயின் 'இஃப் ஐ வேர் எ பாய்' 2008இல் வந்தது. இயக்கம் ஜேக் நாவா. இதுவரை சொன்னவற்றில் பார்வைதான் மையம், இதில் வாழ்க்கைதான் மையம். பியான்சே போலீஸ்காரர். கணவன் காலை உணவு செய்து வைக்கிறான், அவள் அதைப் பொருட்படுத்தாமல் கிளம்புகிறாள். உடன் ரோந்து போகும் ஆண் காவலரோடு நெருக்கம். கணவன் ஃபோனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒரு விருந்தில் அவன் பார்த்துக்கொண்டிருக்க அவள் மற்றவரோடு ஆடுகிறாள். பிறகு சண்டை. அந்தச் சண்டையின் நடுவில் எல்லாம் புரண்டுவிடுகிறது: உண்மையில் போலீஸ்காரர் கணவன், காத்திருந்தவள் அவள். இதுவரை நாம் பார்த்தது "நான் அவனாக இருந்தால்" என்ற நினைப்பு.

இங்கே உடை மாற்றம் இல்லை. அவள் ஆண் வேடம் போடவில்லை, அவன் பெண் வேடம் போடவில்லை. ஆட்கள் அப்படியே இருக்க, அவர்கள் செய்யும் வினைகள் மட்டும் கை மாறுகின்றன. புறக்கணிப்பது, பொய் சொல்வது, காக்கவைப்பது எல்லாம் அவளுடைய வினை. அதனால் சிரிப்பு வரவில்லை. கணவனின் முகம் வாடும்போது பார்ப்பவர் அவனுக்காக வருந்துகிறார். அந்த வருத்தம் முழுதாகச் சேர்ந்த பிறகு, காணொளி அதைப் பெண்ணின் கணக்கில் மாற்றி எழுதுகிறது. அவனுக்கு நடந்தபோது அநியாயமாகத் தெரிந்தது, அவளுக்கு நடக்கும்போது மட்டும் ஏன் சாதாரணமாகத் தெரிய வேண்டும் என்ற கேள்வி, ஒரு சொல் சேர்க்காமல் எழுந்துவிடுகிறது.

கறுப்பு வெள்ளை இதற்குத் துணை நிற்கிறது. நிறம் என்பது பாலின அடையாளத்தின் மிகச் சுலபமான குறி. நிறத்தை உருவியவுடன் அந்தக் குறி போய்விடுகிறது, மிஞ்சுவது முகமும் நிழலும்தான். யார் தலை குனிகிறார், யார் திரும்பி நடக்கிறார் என்பதே கண்ணில் படுகிறது. அலங்காரமில்லாத பழைய குடும்பப் படம்போன்ற சாயலும் வந்துவிடுகிறது. நான் பார்த்த பாத்திர மாற்றங்களில் காட்சி நடையும் கருத்தும் இவ்வளவு ஒட்டி நடப்பது அரிது.

## கவிழ்த்தாலும் ஏன் சமமாவதில்லை

இப்போது விளைவுக்கு வருவோம். அரைகுறை ஆடையில் பெண், முழு உடையில் ஆண் என்ற காட்சியை அப்படியே கவிழ்த்து எடுத்தால், இரண்டும் ஒரே எடை பெறுமா? பெறுவதில்லை. காரணங்கள்:

1. பெண்ணை அப்படிக் காட்டும் படம் ஆயிரத்தில் ஒன்றாகக் கரைகிறது. ஆணை அப்படிக் காட்டும் படம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒன்று வழக்கம், இன்னொன்று கேலி.

2. படத்தில் பார்வைப் பொருளாக நின்ற ஆண் தெருவுக்கு வந்ததும் அந்த வேலை முடிந்துவிடுகிறது. பெண்ணுக்கு அது பல நேரம் தெருவிலும் தொடர்கிறது.

3. நான்கு நிமிடத்துக்குள் கவிழ்ப்பு புரிய வேண்டுமானால், எல்லோருக்கும் தெரிந்த பழைய அச்சுகளையே பயன்படுத்த வேண்டும். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்பதை ஒருமுறை அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் கவிழ்க்க முடியும். எதிர்க்க வந்த அச்சை மறுபடி பதித்துவிட்டுப் போகும் ஆபத்து இதில் உண்டு.

2013இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. ராபின் திக்கின் 'பிளர்ட் லைன்ஸ்' காணொளியில் ஆண்கள் உடையோடு, பெண்கள் ஏறக்குறைய உடையில்லாமல். இயக்கியவர் டயான் மார்டெல், பெண்தான். இயக்குநர் பெண் என்பதாலேயே பார்வை மாறிவிடாது என்பதற்கு இது சான்று. ஆண் பார்வை என்ற அந்தக் கண்ணாடி கழற்ற முடியாதபடி பழகிப்போனது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகச் சட்ட மாணவிகள் அதே ஆண்டு அதைத் தலைகீழாக்கிக் கேலிக் காணொளி எடுத்தார்கள், அரை உடையில் ஆண்கள், முழு உடையில் பெண்கள். கோஃப்மன் மனத்துக்குள் செய்யச் சொன்ன சோதனையை அவர்கள் கேமரா முன்னால் செய்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூலத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் அதன் பயன்.

2014இல் ஜெனிஃபர் லோபஸ் இன்னும் நேரடியாகப் போனார். அவருடைய காணொளி ஒன்று, தோழிகள் உட்கார்ந்து "எப்போதும் பெண்களைத்தான் இப்படிக் காட்ட வேண்டுமா?" என்ற பொருளில் பேசிக்கொள்வதில் தொடங்குகிறது. அடுத்து ஆண்கள் அலங்காரப் பொருளாக வருகிறார்கள். கவிழ்க்கப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடும் பாணி இது. யாருக்கும் குழப்பம் வராது, அது நல்லதுதான். ஆனால் விடையை முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிட்டதால், பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்கும் அதிர்ச்சி போய்விடுகிறது.

## ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் எழுவாய்

கடைசியாக டெய்லர் ஸ்விஃப்டின் 'தி மேன்', 2020 பிப்ரவரியில் வெளியானது. ஒப்பனையால் முகமும் உடலும் மாறி, ஆணாக நடித்தவர் ஸ்விஃப்ட்தான். விகுதி மாற்றத்தின் உச்சம் இது, குயீன் விட்டுவைத்த மீசைபோன்ற சாட்சிகூட இல்லை. தெரியாதவர் வேறொரு நடிகர் என்றே நினைப்பார். அந்த ஆண் அலுவலகத்தில் கத்துகிறான், ரயிலில் காலை அகட்டி உட்கார்ந்து பக்கத்து இருக்கைகளையும் ஆக்கிரமிக்கிறான், உல்லாசப் படகில் பெண்கள் சூழ இருக்கிறான், டென்னிஸ் ஆட்டத்தில் ஆத்திரப்படுகிறான், பூங்காவில் குழந்தையைக் கொஞ்ச நேரம் தூக்கியதற்கே சுற்றி இருப்பவர்கள் மெச்சுகிறார்கள்.

இதில் பெண் ஆணின் வேலையைச் செய்து பார்க்கவில்லை. ஆண் செய்தால் பாராட்டு, அதையே பெண் செய்தால் பழி என்ற இரட்டை அளவுகோலைக் காட்டுவதற்காக ஆண் உடலைக் கடன் வாங்கியிருக்கிறார். காட்சி நடையும் அதற்கேற்ப விளம்பரப் படம்போல் மினுமினுப்பாக இருக்கிறது. அந்த ஆண் செய்யும் ஒவ்வொரு அசிங்கமும் நல்ல ஒளியில், கச்சிதமான ஃபிரேமில் வருகிறது. உலகம் அவனுக்குத் தரும் சலுகையைக் கேமராவும் தருகிறது.

முடிவில் படப்பிடிப்புத் தளம் தெரிகிறது. அந்த நடிகன் இயக்குநரிடம் வந்து, காட்சி சரியாக வந்ததா என்று கேட்கிறான். அவன் பேசும் குரல் ஹாலிவுட் நடிகர் டுவெய்ன் ஜான்சனுடையது. இயக்குநர் நாற்காலியில் ஒப்பனை இல்லாத ஸ்விஃப்ட். இன்னும் கவர்ச்சியாக, இன்னும் எல்லோருக்கும் பிடிக்கும்படி நடிக்க முடியுமா என்று கேட்கிறார். நடிகைகளும் பாடகிகளும் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் அதே கோரிக்கை.

அதுவரை நான்கு நிமிடம் ஃபிரேமுக்குள் ஆட்சி செய்தவன் அந்த ஒரு நொடியில் செயப்படுபொருளாகிறான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த கண் யாருடையது என்பது இப்போதுதான் தெரிகிறது. பிறகு வரும் எழுத்துகள் இயக்கியவர், எழுதியவர், உரிமை உடையவர், நடித்தவர் என்ற எல்லா இடத்திலும் ஒரே பெண்ணின் பெயரைக் காட்டுகின்றன. அவற்றில் 'உரிமை உடையவர்' என்ற வரியைப் பாடல் காணொளிகளில் பார்ப்பது அபூர்வம். அந்த ஆண்டு எம்டிவி விருதுகளில் சிறந்த இயக்கத்துக்கான விருதும் இதற்கே கிடைத்தது.